கான்பெராவின் சம்பளக்காரி

விமானம் வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். நான் அடுப்பிலிருந்து ரொட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணாடி அலமாரி நடுங்கியது, அப்புறம்தான் சத்தம் கேட்டது. வெளியே ஓடி வந்து பார்த்தபோது அது ஆர்டன் ஆற்றின் மேலே மிகத் தாழ்வாகப் போய், மலையோரம் திரும்பி, மறுபடி அதே வழியாக வந்தது. வால் பக்கத்தில் விமானப்படையின் வட்டம். எங்கள் சொந்த நாட்டு விமானப்படைதான். எதிரே தபால் ஆபீஸ் வாசலில் நொரீன் ஹாலம் கையில் சாவிக்கொத்தோடு மேலே பார்த்தபடி நின்றிருந்தாள்.

அது எதற்காக வந்தது என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் மின்சாரத்துக்காக அணை கட்ட டாஸ்மேனிய மாநில அரசு முடிவெடுத்திருந்தது. அந்தக் காடும் ஆறும் உலகத்துக்கே சொத்து, அங்கே அணை கூடாது என்று நாட்டின் தலைநகர் கான்பெராவில் ஒன்றிய அரசு சட்டம் போட்டிருந்தது. நிலமும் நீரும் மாநிலத்தின் உரிமை, அரசியல் சட்டம் அதைக் கான்பெராவுக்குக் கொடுக்கவில்லை என்று மாநிலம் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வரும்வரை வேலையை நிறுத்து என்றார்கள் கான்பெராக்காரர்கள். நிறுத்த மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டே போனார்கள்.

அந்தத் திங்கட்கிழமைதான் விடிவதற்கு முன்னால், கொட்டுகிற மழையில், மின்வாரியத்தின் மிதவைப் படகு மிகப் பெரிய புல்டோசரை ஏற்றிக்கொண்டு ஆற்றில் மேலே போயிருந்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் அந்த நேரத்தில் போனது. படகை ஓட்டியவன் கிளைட் ஹாலம், நொரீனின் கணவன்.

விமானம் வந்த அன்று சாயங்காலம் மெர்வின் மதுக்கடையில் பேச்சு எப்படிப் போகும் என்று யாரும் ஊகிக்கலாம். மெர்வ் கடைக்குச் சொந்தக்காரன். பெரிய உடம்பு, பெரிய குரல். கடைக் கதவில் ‘எங்கள் ஆறு எங்களுக்கு’ என்று ஒட்டியிருந்தான்.

“திங்கக்கிழமை மிஷின் போகுது. வியாழக்கிழமை போட்டோ புடிக்க வர்றான். இது என்ன, ஜோசியம் பாத்தா வந்தான்?” என்றான் மெர்வ்.

“அணை வேணாம்னு காட்டுல கூடாரம் போட்டிருக்கானுங்களே, அந்த மரம் கட்டிப்புடிக்கிற பசங்க, அவங்க பாத்திருப்பாங்க,” என்றான் ஒருவன்.

“அந்த மழையிலயா? அவனுங்க மூக்க அவனுங்களாலயே பாத்திருக்க முடியாது. இல்லப்பா. இது ஊருக்குள்ள இருக்குற ஆளு. நான் பேரு சொல்லல. இந்த ஊருல யாருக்குக் கான்பெராவுலேருந்து சம்பளம் வருதுன்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க.”

யோசிக்க ஒன்றுமில்லை. மின்வாரியம், பள்ளிக்கூடம், காவல், காடு எல்லாம் மாநிலத்தைச் சேர்ந்தவை. எங்கள் ஊரில் ஒன்றிய அரசுக்கு இருந்தது ஒரே ஒரு ஓட்டுக் கட்டடம், வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி, உள்ளே நொரீன். தொலைபேசி இணைப்புப் பலகையும் அவளிடம்தான். யார் யாரோடு பேச வேண்டுமானாலும் அவள்தான் கம்பியைச் செருக வேண்டும்.

மூலையில் உட்கார்ந்திருந்த கிளைட் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

“உன்னச் சொல்லலடா கிளைட்,” என்றான் மெர்வ்.

“யாரச் சொன்னேன்னு தெரியும்,” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

வீட்டில் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டுக்கறி வறுவலைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவினான், ரேடியோவில் கால்பந்துச் செய்தி கேட்டான். படுக்கப் போகும்போது மட்டும் கேட்டான், “திங்கக்கிழமை நான் எப்போ கெளம்புனேன்னு உன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?”

“யாரு கேப்பா?”

“சும்மாதான் கேட்டேன்.”

இதையெல்லாம் நொரீன் பிற்பாடு என்னிடம் சொன்னாள். இருபத்தோரு வருடம் வாழ்ந்த வீட்டில் ‘சும்மாதான்’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து தபால் ஆபீஸ் வாசலில் கூட்டம் குறைந்தது. கடிதம் போட வேண்டியவர்கள் அறுபது கிலோமீட்டர் காரோட்டிக்கொண்டு குயின்ஸ்டவுன் போனார்கள். அங்கே இருப்பதும் அதே கான்பெராவின் தபால் ஆபீஸ்தான் என்று நான் மெர்வின் மனைவி ஏவிஸிடம் சொன்னேன். “அங்க இருக்குறவளுக்கு நம்மளத் தெரியாதுல்ல,” என்றாள் அவள். தொலைபேசியில் பேசுகிறவர்கள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, “நொரீன், கேட்டது போதும், வச்சுரு,” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆனால் கேட்கவில்லை என்று சொன்னால் கேட்டது உறுதியாகிவிடும். அதனால் பேசாமல் இருந்தாள்.

அவளைத் தேடி முதலில் வந்தவர் லஸ்க் என்ற மனிதர். மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து வருவதாகச் சொன்னார், எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. மெலிந்த ஆள், நனைந்த தொப்பியைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்தார்.

“திருமதி ஹாலம், நீங்க எதையும் பிரிச்சுப் பாக்க வேண்டாம். அது தப்பு, எனக்கும் தெரியும். இங்கேருந்து கான்பெராவுக்கு யாரு எழுதுறாங்க, யாரு போன் போடுறாங்க, அந்தப் பேரு மட்டும் போதும்.”

“அதச் சொன்னா எனக்கு வேல போயிரும்.”

“யாருக்கும் தெரியாது. நீங்க டாஸ்மேனியாக்காரி. அதுக்கப்புறம்தான் தபால்காரி. இது நம்ம ஆறு, நம்ம உரிமை.”

“ஆறு நம்மளதுன்னு எந்தச் சட்டத்த வச்சுச் சொல்றீங்க?”

“அரசியல் சட்டம்தான்.”

“அதே சட்டம்தான் தபால் அவங்களதுன்னு சொல்லுது. ஆத்துப் பக்கம் அவங்க வரக்கூடாதுன்னா, இந்தக் கவுண்டர் பக்கம் நீங்க வரக்கூடாது.”

லஸ்க் சிரித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, “உங்க வீட்டுக்காரரு மாநிலச் சம்பளம் வாங்குறாரு இல்ல?” என்றார். அதை அவர் மிரட்டலாகச் சொன்னாரா, பேச்சுக்குச் சொன்னாரா என்று அவளால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

பத்து நாள் கழித்து இன்னொருவர் வந்தார். இளைஞர், விலையுயர்ந்த மழைக்கோட்டு, பிரிடோ என்று பெயர். ஒன்றிய அரசின் தரப்பில் வழக்குக்காக வந்த வக்கீல். தபால்தலை ஒரு தாள் வாங்கினார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலிலிருந்து படகுத்துறை முழுவதும் தெரியும்.

“இங்கேருந்து எல்லாமே தெரியுது,” என்றார்.

“மழை இல்லாதப்போ.”

“மிஷின்கள் போனதை நீங்க பாத்திருப்பீங்க. பாத்தேன்னு ஒரு வாக்குமூலம், ஒரே ஒரு கையெழுத்து. விமானத்துல எடுத்த படத்துல பாதி மேகம். அவங்க கோர்ட்டுல இன்னும் எதையும் ஒழுங்கா ஒத்துக்கல.”

“ஊருக்கே தெரியும். வேற யாரையாவது கேளுங்க.”

“வேற யாரும் என்கிட்ட பேசக்கூட மாட்டேங்குறாங்க. நீங்க ஒன்றிய அரசு ஊழியர். உங்களுக்கு ஒரு கடமை இருக்கு.”

“சட்டம் என்கிட்ட தபாலத்தான் ஒப்படைச்சிருக்கு தம்பி. ஆத்த ஒப்படைக்கல,” என்றாள் நொரீன்.

அவர் வெளியே வந்தபோது மெர்வ் என் கடையில் மாமிசப் பணியாரம் வாங்கிக்கொண்டிருந்தான். மழைக்கோட்டைப் பார்த்தான். காரின் எண் பலகையைப் பார்த்தான். கான்பெரா எண். பணியாரத்தைக் கடித்துக்கொண்டே, “அரை மணி நேரம் உள்ள இருந்தான். தபால்தல ஒட்ட இவ்வளவு நேரமா?” என்றான். அரை மணி இல்லை, பத்து நிமிடம்கூட இருக்காது என்றேன். “நீயும் நேரம் பாத்துட்டிருந்தியா?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் நொரீன் தபால் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்து கறுப்பு எண்ணெய் அவள் காலில் கொட்டியது. என்ஜினிலிருந்து எடுத்த கழிவு எண்ணெய். சனி, ஞாயிறு போட்ட கடிதங்கள் எல்லாம் அதில் ஊறிக் கிடந்தன.

சார்ஜெண்ட் டல்லியைக் கூப்பிட்டாள். அவர் மாநிலக் காவல். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

“இது என் வேலை இல்லையே நொரீன்.”

“பின்ன யாரு வேலை?”

“பெட்டிக்கு வெளிய நடந்துச்சுன்னா என் வேலை. நடைபாதை நகரசபையோடது, சிந்துன எண்ணெய்க்கு வேணும்னா வழக்குப் போடுவேன். பெட்டிக்குள்ள கான்பெரா. உள்ள நான் கையை விட்டா எனக்குத்தான் பிரச்சினை. நீ மேல சொல்லு, ஒன்றிய போலீஸ் வருவான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்க.”

அதைத்தான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கான்பெராவின் போலீஸ் எங்கள் ஊர்த் தெருவில் இறங்கினால், அதைக் கூப்பிட்டவள் யார் என்று எவருக்கும் சந்தேகமே இருக்காது. சொல்லாமல் விட்டாலோ, அவள் உத்தியோகத்துக்கே துரோகம். மேலதிகாரிக்குப் போன் செய்து, பெட்டிக்குள் எண்ணெய் போய்விட்டது, சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன் என்றாள். “எப்படிப் போச்சு?” என்றார் அவர். “வாய் வழியாத்தான்,” என்றாள். அவர் அதோடு விட்டுவிட்டார்.

பிறகு அவள் செய்த காரியம் எனக்கு இன்றும் ஆச்சரியம். கடிதங்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தாள். பின்பக்கம் அனுப்பியவர் பெயர் தெரிந்தவற்றை ஒரு வாளியில் போட்டுக்கொண்டு, மழையில், வீடு வீடாகப் போனாள். “இது உன்னுது. நாசமாயிருச்சு. மறுபடி எழுதிக் குடு, தபால்தல நான் ஒட்டுறேன்.” சிலர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர், “எல்லாத்தையும் படிச்சுட்டியா?” என்று கேட்டார். ஏவிஸ் மட்டும் அவளை உள்ளே வரச் சொல்லித் தேநீர் கொடுத்தாள். ஆனால் முன்னறைத் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் கொடுத்தாள்.

கிளைட் அன்று வேலையிலிருந்து வந்து, வாசலில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய கறுத்த காலணியைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் இருமினால்கூட என்னவென்று விசாரிக்கிறவன் அவன். யார் செய்தது என்று கேட்கவில்லை, எவ்வளவு கெட்டுப்போனது என்றும் கேட்கவில்லை. நொரீன் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்காரனின் சட்டையில் எண்ணெய் வாடை எப்போதுமே இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவன் பேசாமல் இருந்ததுதான் அவளை உறுத்தியது.

செய்தி எப்படியோ பிரிடோவுக்கு எட்டி, அவர் மறுபடி வந்தார். இந்த முறை தபால்தலை வாங்கவில்லை.

“நாளைக்கே ஒன்றிய போலீஸை அனுப்ப முடியும். உங்களுக்குப் பாதுகாப்பு. அந்தக் கையெழுத்து மட்டும்...”

“எண்ணெய் விஷயம் உங்களுக்கு யாரு சொன்னா?”

“காதுல விழுந்துச்சு.”

“இந்த ஊருல உங்ககிட்ட யாரும் பேசறதில்லன்னு சொன்னீங்களே.”

அவர் முகம் சற்றே சிவந்தது. நொரீனுக்கு அப்போது வேறொரு எண்ணம் வந்தது. எண்ணெயால் யாருக்கு லாபம்? மெர்வ் மாதிரி ஆட்களுக்குக் கோபம் தீர்ந்தது, அவ்வளவுதான். கான்பெராவுக்கோ, மாநிலத்தார் ஒன்றிய அரசின் சொத்தையே தாக்குகிறார்கள் என்று நீதிமன்றத்தில் காட்ட ஒரு படம் கிடைக்கும். அப்படி நினைத்ததற்காகத் தன் மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

“பெட்டியக் கழுவிட்டேன். அங்க பாக்கறதுக்கு இனிமே ஒண்ணுமில்ல,” என்றாள்.

வழக்கின் கடைசி வாரம் மெர்வின் கடையில் ரேடியோ மதியமே ஓட ஆரம்பித்துவிடும். “நீதிமன்றம் இருக்கறது கான்பெராவுல. நீதிபதிக்குச் சம்பளம் கான்பெராவுல. இதுல நியாயம் வேற கேக்கப் போயிருக்கோம்,” என்று மெர்வ் தினமும் சொன்னான், தினமும் சிரித்தார்கள். ஒரு நாள் செய்தி வாசிப்பவர் எங்கள் மாநிலத்தின் வக்கீல் பேசியதைச் சொன்னார். வேலை வெகுதூரம் முன்னேறிவிட்டது, இனித் திருப்ப முடியாது என்று காட்டுவதற்காக அவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். பெரிய புல்டோசர் எந்த நாள் ஆற்றில் மேலே போனது என்பதையும் சொல்லியிருந்தார். நாங்கள் எதையும் மறைக்கவில்லை, மாநிலத்தின் உரிமைப்படி செய்கிறோம் என்பதால் அந்தப் பயணத்தை அதற்கு முந்தின வாரமே எதிர்த்தரப்புக்கு நாங்களே தெரிவித்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னாராம்.

ரொட்டி கொடுக்கப் போயிருந்த நான் கூடையோடு நின்றேன். கிளைட் மெர்வைப் பார்த்தான். மெர்வ் ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தான்.

“அப்போ யாரு காட்டிக்குடுத்தான்னு தேடிக்கிட்டு அந்த லஸ்க் எதுக்கு வந்தான்?” என்று யாரோ கேட்டார்கள்.

மெர்வ் கோப்பையை அலமாரியில் வைத்தான். “சரி. மிஷின் விஷயம் அவ சொல்லலன்னே வச்சுக்குவோம். வேற எதையும் சொல்லலன்னு எப்படித் தெரியும்?” என்றான். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அன்று கிளைட் வீட்டுக்குப் போனதும் நடந்ததைச் சொன்னான். நொரீன் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“எண்ணெய ஊத்துனது நீயா?”

“நீ அந்த வக்கீலுக்குக் கையெழுத்துப் போட்டியா?”

“நான் மொதல்ல கேட்டேன்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். “ஊத்துனது நான் இல்ல. எண்ணெய் என் படகோடது. மெர்வ் வாளியோட வந்து கேட்டான், குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல.”

“தெரியாதா?”

“தெரியும்.”

அவள் அடுப்பின் கதவைச் சாத்தினாள். “நான் கையெழுத்துப் போடல,” என்றாள்.

“தெரியும்,” என்றான் மறுபடியும். அந்த இரண்டாவது ‘தெரியும்’ முதலாவது மாதிரி இல்லை, அதில் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது என்று நொரீன் என்னிடம் சொன்னாள். நாலு மாதம் ஒருவனைச் சந்தேகப்பட்ட காது இது, இனி எதைத்தான் சரியாகக் கேட்கும் என்றும் சொன்னாள்.

தீர்ப்பு ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் வந்தது. கான்பெரா ஜெயித்தது. உலக நாடுகளோடு ஒப்பந்தம் போடுகிற அதிகாரம் ஒன்றியத்துக்கு இருப்பதால் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுகிற அதிகாரமும் அதற்கே என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்த அதிகாரம் எங்கே போய் நிற்கும் என்று மறுத்த நீதிபதிகள் கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதைக் கேட்காத ஆள் இல்லை. நான்கூடக் கேட்டேன். கிளைட் ஓட்டிய மிதவைப் படகே புல்டோசரைத் திரும்பக் கொண்டுவந்தது, இந்தத் தடவை பட்டப்பகலில். துறையில் பாதி ஊர் நின்று பார்த்தது. அடுத்த மாதம் படகுக்கு வேலை இல்லை, படகுக்காரர்களுக்கும் இல்லை. வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகை கான்பெராவிலிருந்து தபாலில் வந்தது. நொரீனின் கவுண்டரில் மறுபடி வரிசை நின்றது. நல்லா இருக்கியா என்று ஒருவரும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

வசந்த காலத்தில் அவளுக்கு மாற்றல் வந்தது. டெவன்போர்ட்டில் பெரிய தபால் ஆபீஸ், பதவி உயர்வு. ஏழு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த பதவி.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. “பாத்தியா, பரிசு குடுத்துட்டான்,” என்று என் கடையிலேயே சொன்னார்கள். அவள் ரொட்டி வாங்க வந்தால் பேச்சு நின்றது. நொரீன் மேலதிகாரிக்குப் போன் செய்து, எனக்கு இது எதற்காகக் கிடைத்தது என்று கேட்டாள்.

“உங்க முறை வந்திருக்கும்னு நெனைக்கிறேன்,” என்றார் அவர்.

“நெனைக்கிறீங்களா, தெரியுமா?”

“பட்டியல் கான்பெராவுலேருந்து வருதும்மா. எனக்கென்ன தெரியும்?”

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கிளைட், “போனோம்னா அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிரும்,” என்றான்.

“போகலன்னா?”

அவன் யோசித்தான். “போகலன்னா, வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கான்னு சொல்லுவாங்க.”

“உனக்கு என்ன தோணுது கிளைட்? அது பரிசா?”

“எனக்கு அங்க கப்பல் துறையில வேல கெடைக்கும்னு தோணுது,” என்றான். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. ஆனாலும் அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

சாமான் ஏற்றுகிற அன்று மழை இல்லை. குளிர்பதனப் பெட்டியை இரண்டு பேரால் தூக்க முடியவில்லை. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து மெர்வ் வந்து ஒரு முனையைப் பிடித்தான். மூச்சு வாங்க லாரியில் ஏற்றி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். ஏவிஸ் ஒரு பழக் கேக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அங்க போயி எங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லு,” என்றான் மெர்வ்.

“நான் டெவன்போர்ட்தானே போறேன்.”

“எங்க போனா என்ன. கான்பெராக்காரனுக்குக் கேக்கும்.”

அவன் வேடிக்கையாகச் சொன்னானா என்று நொரீன் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அவள் முகத்தை அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். கிளைட் லாரியைக் கிளப்பினான். அவள் ஏறிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மலை வளைவில் திரும்பும்வரை நாங்கள் நின்று பார்த்தோம். அப்புறம் ஏவிஸ் என்னிடம், நொரீன் உன்கிட்ட எல்லாம் சொல்லுவாளே, ஒரு கேள்வி கேட்கலாமா என்று மெல்ல ஆரம்பித்தாள். எனக்கு அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.